முன்பள்ளி ஆங்கிலம்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒன்ராறியோவில் ஈ.சி.ஈ. என்ற முன்பள்ளிக் கல்விப் படிப்பைப் படிக்கிற, படிக்க நினைக்கிற நம் பெண்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைப் பற்றியவை. ஆண்களிடமிருந்தும் இரண்டொன்று வந்தன. ஆகவே இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். வயது 43. இந்த வயதில் ஆங்கிலத்தில் படித்து, எழுதித் தேற முடியுமா அக்கா? (ஸ்காபரோ)

பதில்: முதல் பருவத்திலேயே நீங்கள் படிக்கப்போகும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எரிக் எரிக்சன். மனித வளர்ச்சியை எட்டுப் படிகளாக வகுத்து, கைக்குழந்தை முதலில் அடைய வேண்டியது நம்பிக்கை என்று சொன்னவர். 1902 இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1933 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆங்கிலம் அவருக்கு வந்த இடத்து மொழி. 1950 இல் அந்த மொழியிலேயே ‘சைல்ட்ஹூட் அண்ட் சொசைட்டி’ என்ற புத்தகத்தை எழுதினார். இந்தத் துறையில் படிக்கிறவர்கள் இன்றும் அதைக் கடந்துதான் போகிறார்கள். அவருடைய எழுத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் மனைவி ஜோன். அந்த அம்மா நம் ஒன்ராறியோவில் பிறந்தவர்.

எரிக்சனுக்கே திருத்திக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. உங்களுக்கும் வேண்டும், அதில் குறைவு ஒன்றுமில்லை. கல்லூரிகளில் எழுத்துக்கு உதவும் நிலையம் இருக்கும். மாணவருக்கு இலவசம். முதல் வாரமே போய்ப் பழகுங்கள். முதல் அசைன்மென்ற்றுக்குப் புள்ளி குறைந்த பிறகு போகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. காலையில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறும் பிள்ளையை எப்படி வாங்குவது, எப்போது தாயைப் போகச் சொல்வது என்பது உங்கள் கைக்குத் தெரியும். உங்களோடு படிக்கப்போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் பாடம். நீங்கள் படிக்கவேண்டியது அதன் ஆங்கிலத்தை மட்டும்.

கேள்வி: ஐ.ஈ.எல்.ரி.எஸ். தேர்வில் 7 எடுத்தேன். ஆனால் பிளேஸ்மென்ற்றில் மூன்று வயதுப் பிள்ளை சொன்னது எனக்கு விளங்கவில்லை, நான் சொன்னது அதற்கு விளங்கவில்லை. எங்கே பிழை? (மார்க்கம்)

பதில்: பிழை எங்கும் இல்லை. தேர்வு அளந்தது ஓர் ஆங்கிலத்தை. இந்தத் தொழிலுக்கு மூன்று வேண்டும். அசைன்மென்ற்றும் அவதானிப்புக் குறிப்பும் எழுதும் தாளின் ஆங்கிலம். பிள்ளையை அழைத்துப்போக வருகிற பெற்றோரோடு பேசும் வாசல் ஆங்கிலம். பாயில் இருந்து பிள்ளையோடு பேசும் தரை ஆங்கிலம். உங்களிடம் முதலாவது இருக்கிறது. மூன்றாவதை எந்தத் தேர்வும் கேட்பதில்லை, எந்தப் பாடநூலும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை.

பிள்ளைக்கு வயிறு ‘டமி’. விழுந்து சிராய்த்தால் அது ‘பூ-பூ’, சில வீடுகளில் ‘ஓவி’. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றால் ‘பொட்டி’. அதன் பையும் சப்பாத்தும் வைக்கும் பெட்டித்தட்டு ‘கபி’. சூப்பியை அமெரிக்கப் புத்தகம் ‘பாசிபையர்’ என்று சொல்லும், கனடாவில் கேட்கப்போவது ‘சூதர்’. கம்பளித் தொப்பி ‘டூக்’. நித்திரைக்குக் கட்டிப்பிடிக்கும் பழைய துணிக்கும் ஒரு பெயர் உண்டு, அது வீட்டுக்கு வீடு மாறும். அதைத் தாயிடம் கேட்டு எழுதி வையுங்கள். பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெயர் தெரியாத ரீச்சரால் அந்தப் பிள்ளையை நித்திரையாக்க முடியாது.

ஜனவரி மாதம் வெளியே விளையாடப் போகும் நேரத்தைப் பாருங்கள். மூன்று வயதுப் பிரிவில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆள் என்பது ஒன்ராறியோ விதி. எட்டுப் பேரையும் உடுத்த வேண்டும். முதலில் ஸ்னோபான்ட்ஸ், பிறகு பூட்ஸ், பிறகு ஜக்கெட், பிறகு டூக், கடைசியில் மிட்ஸ். மிட்ஸை முதலில் போட்ட பிள்ளையால் சிப்பை இழுக்க முடியாது. அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது ‘பர்ஸ்ட்… தென்…’ என்ற இரண்டு சொல். முதலில் இது, பிறகு அது. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் நீளம். கேட்டதை விளங்கிக் கையைக் காலை அசைக்கப் பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டும். காத்திருக்க முடியாமல் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் பிள்ளைக்கு அது இரண்டாவது கட்டளை.

முழங்காலில் இருந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பாதி விளக்கம் உங்கள் முகத்திலிருந்தே போய்ச் சேரும். சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். பிள்ளை சொன்ன விளங்காத சொல்லைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி, இடைவேளையில் கூட வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். இரண்டு மாதத்தில் கொப்பியில் புதுச் சொல் ஏறுவது குறைந்துவிடும்.

கேள்வி: இலக்கணம் முக்கியமா, உச்சரிப்பு முக்கியமா? (பிரம்ரன்)

பதில்: தாளில் இறந்தகாலம். வாயில் அழுத்தம் விழும் இடம். இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை வேலையோடு வரும்.

கேள்வி: நான்கு வயதுப் பிள்ளை என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். மற்ற ரீச்சர்மார் முன்னால் வெட்கமாக இருக்கிறது. (ஏஜக்ஸ்)

பதில்: நன்றி சொல்லி, அவள் சொன்னபடி ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பெரியவர்களும் கற்கிறார்கள் என்பதை அந்த வகுப்பு முழுவதும் அந்த இடத்திலேயே பார்க்கும். அதைவிடப் பெரிய பாடத்தை அன்றைக்கு நீங்கள் நடத்தப்போவதில்லை.

உங்கள் காது ஏன் சில ஒலிகளைப் பிரிப்பதில்லை என்பதற்கு இந்தத் துறையிலேயே விடை இருக்கிறது. 1984 இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் நடத்திய ஆய்வு. இந்தியில் ‘ட’ வேறு, ‘த’ வேறு, நமக்கும் அப்படித்தான். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்த இரண்டையும் பிரித்து அறிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மாதமானபோது அவர்களில் மிகச் சிலராலேயே அது முடிந்தது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது ஒதுக்கிவிடுகிறது. உங்கள் காதும் ஒரு வயதுக்குள் தமிழுக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. அது குறைபாடல்ல, ஆரோக்கியமான வளர்ச்சி. பெரியவரானபின் திருத்த முடியும், பயிற்சி வேண்டும்.

எங்கே தொடங்குவது? கரடிக்கும் பேரிக்காய்க்கும் ஆங்கிலத்தில் முதல் ஒலியில் மட்டும்தான் வேறுபாடு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ‘ப’ தான். ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். பேரிக்காய்க்குத் தாள் பறக்கவேண்டும், கரடிக்கு அசையக்கூடாது. அதே தாளோடு கரடிப் புத்தகம் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள்.

கேள்வி: ‘டோன்ட்’, ‘நோ’ என்று சொல்லக்கூடாது என்கிறார்கள். பிறகு எப்படித்தான் கண்டிப்பது? (மிசிசாகா)

பதில்: செய்யவேண்டியதைச் சொல்லிக் கண்டியுங்கள். ஓடாதே என்று சொன்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று இரண்டு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும். ‘வோக்கிங் பீட்’ என்றால் வேலை முடிந்தது. தள்ளுகிற பிள்ளைக்கு ‘ஜென்டில் ஹான்ட்ஸ்’. கத்துகிற பிள்ளைக்கு ‘இன்சைட் வொய்ஸ்’. இவற்றில் வினைச்சொல்லே இல்லை, கவனித்தீர்களா? இலக்கணம் தெரியவில்லை என்று பயப்படுகிறவர்களுக்கு இது முதல் நாளிலேயே கைக்கு வரும் ஆங்கிலம்.

பிள்ளை வீதியை நோக்கி ஓடினால் ‘ஸ்ரொப்’ என்று உரக்கச் சொல்லுங்கள். அங்கே மென்மை வேண்டாம். நாள் முழுவதும் அந்தச் சொல்லைச் சிக்கனமாக வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் பிள்ளை நிற்கும்.

கேள்வி: மொன்டிசோரி அம்மையார் சென்னையில் ஆங்கிலத்தில்தானே பயிற்சி கொடுத்தார்? அப்படியானால் ஆங்கிலம் இல்லாமல் இந்தத் துறை இல்லையே? (சென்னை)

பதில்: இல்லை. 1939 இல் அடையாறுக்கு வந்த மரியா மொன்டிசோரி இத்தாலிய மொழியில்தான் பேசினார். மகன் மாரியோ அதை ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டு எழுதிய ஆசிரியைகள் அதைத் தங்கள் ஊர் மொழிகளில் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். கிண்டர்கார்டனைத் தொடங்கிய புரோபெல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பியாஜே எழுதியது பிரெஞ்சில், வைகோட்ஸ்கி ரஷ்ய மொழியில். வைகோட்ஸ்கி இறந்தது 1934 இல். அவருடைய முக்கியமான நூல் ஆங்கிலத்துக்கு வர 1962 ஆனது. இந்தத் துறையின் பெரிய சிந்தனைகள் ஆங்கிலத்துக்கு வெளியே பிறந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. நீங்களும் அந்த வழியில்தான் வருகிறீர்கள்.

கேள்வி: அவதானிப்புக் குறிப்பு எழுதினால் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார் இன்ஸ்ரக்டர். ‘இது அவதானிப்பு அல்ல, உன் கருத்து’ என்கிறார். என் ஆங்கிலம் பிழையா? (ஸ்காபரோ)

பதில்: ஆங்கிலம் அல்ல. பார்த்ததை எழுதாமல் முடிவை எழுதுகிறீர்கள். இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் படிப்பில் பாதிச் சுமை இறங்கிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாக வருகிற குறிப்பு இப்படி இருக்கும்: ‘அவன் மிகவும் குழப்படி. கோபக்காரன். மற்றவர்களோடு பகிர்வதில்லை.’ இதில் ஒரு பிள்ளையும் இல்லை. எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளைக்கும் இதை ஒட்டலாம். அதே காலையில் கண் உண்மையில் பார்த்தது இது:

‘காலை 10.15. கட்டைகள் மூலை. முதல் பிள்ளை ஐந்து கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். இரண்டாவது பிள்ளை வந்து மேலே இருந்ததை எடுத்தாள். அவன் “மைன்” என்று சொன்னான். இரண்டு கையாலும் இழுத்தான். அவள் விடவில்லை. அவன் அடுக்கைக் காலால் தட்டிவிட்டான். மேசைக்கு அடியில் போய் இருந்தான். சிறிது நேரம் கழித்துத் தானே வெளியே வந்தான்.’

இப்போது வாசியுங்கள். ஐந்து கட்டைகள் விழாமல் அடுக்க அவன் கைக்கு வருகிறது. கையை நீட்டுவதற்கு முன் சொல்லைப் பயன்படுத்தினான். அவளை அடிக்கவில்லை. கோபம் வந்தபோது விலகிப்போக ஓர் இடத்தைத் தானே தேடினான், தானே ஆறித் திரும்பினான். குழப்படிக்காரன் என்று எழுதப்பட்ட பிள்ளையிடம் இத்தனை வளர்ச்சி இருந்திருக்கிறது. அந்த முதல் குறிப்பு அவனுடைய கோப்பில் போயிருந்தால் அடுத்த ரீச்சரும் அதைத்தான் பார்த்திருப்பார். இதனால்தான் உங்கள் இன்ஸ்ரக்டர் திருப்பி அனுப்புகிறார். அவர் செய்வது சரி.

இதற்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? அடுக்கினான், எட்டிப் பிடித்தான், இழுத்தான், தள்ளினான், சுட்டினான், தவழ்ந்தான், திரும்பிப் பார்த்தான், சிரித்தான். இப்படி ஓர் இருபது முப்பது வினைச்சொற்களை இறந்தகாலத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும். குட்டிக் குட்டி வாக்கியங்கள். பிள்ளை சொன்னதை மேற்கோளுக்குள் அப்படியே, அதன் பிழையோடு. மனதில் நினைத்ததை எழுதியே ஆகவேண்டும் என்றால் ‘அப்பியர்ட் டு’ என்று தொடங்குங்கள், அல்லது விளக்கம் என்று தனியாகப் பிரித்துக் கீழே எழுதுங்கள். அழகான உரிச்சொற்கள் வேண்டாம். இந்த எழுத்தில் எளிய ஆங்கிலம்தான் நல்ல ஆங்கிலம். புதிதாகக் கற்கிறவருக்குச் சாதகமான இடம் இது.

கேள்வி: என் வகுப்பில் இரண்டரை வயதுத் தமிழ்ப் பிள்ளை. வந்து மூன்று வாரமாக ஒரு சொல்லும் பேசவில்லை. தமிழில் பேசலாமா? இங்கிலிஷ் மட்டும்தான் என்கிறார் கூட வேலை செய்பவர். (ஸ்காபரோ)

பதில்: பேசுங்கள். ஒன்ராறியோ கல்வி அமைச்சு 2014 இல் வெளியிட்ட ‘ஹௌ டஸ் லேர்னிங் ஹப்பின்?’ என்ற வழிகாட்டியை நீங்கள் படிப்பிலேயே வைத்திருப்பீர்கள். அதன் நான்கு அடித்தளங்களில் முதலாவது, தான் இந்த இடத்துக்கு உரியவன் என்ற உணர்வு. வீட்டு மொழிக்கு அதில் மதிப்பான இடம் உண்டு. மேற்பார்வையாளரிடம் அந்த வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேளுங்கள். கூட வேலை செய்பவரோடு வாக்குவாதம் வேண்டாம்.

புது மொழிக்குள் விடப்பட்ட பிள்ளை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது வழமை. அந்த நேரத்தில் பிள்ளை சும்மா இருப்பதில்லை. சுட்டுகிறதா, சொன்னதைச் செய்கிறதா, பாட்டுக்குக் கை ஆட்டுகிறதா என்று பாருங்கள், எழுதுங்கள். வீட்டில் தமிழில் எப்படிப் பேசுகிறது என்று தாயிடம் கேளுங்கள். வீட்டிலும் பேச்சு இல்லை என்றால் அது வேறு விஷயம், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. அப்படிச் சொல்லித் தாய்மாரைப் பயப்படுத்துகிறவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

தமிழில் ஆறுதல் சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளை வெளியே தள்ளிவிடாதீர்கள். ‘தண்ணி’ என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு ‘வோட்டர்’ என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் வகுப்பே தண்ணி கேட்கும்.

கேள்வி: மனைவி ஈ.சி.ஈ. படிக்கிறா. வீட்டில் நாங்கள் எல்லோரும் பிள்ளைகளோடு இங்கிலிஷில் கதைத்தால் அவவுக்குப் பயிற்சிதானே? (மார்க்கம்)

பதில்: வேண்டாம் தம்பி. பிள்ளைகளுக்கு உங்கள் தமிழ் வேண்டும். மனைவிக்கு நேரம் வேண்டும். இரவுச் சமையலையும் பாத்திரத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் அவவுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும். பயிற்சிக்குத் துணை வேண்டுமென்றால், பிள்ளைகள் படுத்த பிறகு நீங்கள் கோபத்தில் வந்த ஒரு பெற்றோராக நடியுங்கள், அவ ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். அந்தப் பயிற்சி வேலைத்தலத்துக்கு அப்படியே உதவும்.

கேள்வி: உண்மையாகவே கோபத்தில் வந்தால்? ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டது. ‘யார் கடித்தது?’ என்று தகப்பன் கத்தினார். எனக்கு நா எழவில்லை. (ஏஜக்ஸ்)

பதில்: மூன்று விஷயங்களை இந்த வரிசையில் சொல்லுங்கள். என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்தோம், பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது. கையில் கடிபட்டது, கழுவி ஐஸ் வைத்தோம், பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டாள். இதற்கான ஆங்கில வாக்கியங்களை வீட்டிலிருந்தே எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போகலாம். கடித்த பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடாது. எத்தனை முறை கேட்டாலும் கூடாது. அதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: மற்றப் பிள்ளைகளைப் பற்றி நான் பேச முடியாது, உங்கள் பிள்ளையைப் பற்றி எல்லாம் சொல்கிறேன். பிள்ளைக்குக் காயம் என்றால் எழுத்தில் அறிக்கை, அதில் ஒரு பிரதி பெற்றோருக்கு. இது ஒன்ராறியோ விதி. அவர் வரும்போது அந்தத் தாள் உங்கள் கையில் தயாராக இருந்தால் பாதிப் பேச்சை அது பேசிவிடும்.

குரலை உயர்த்துகிற தகப்பன் பயந்துபோன தகப்பன். அதை மனதில் வைத்தால் நா எழும்.

கேள்வி: அசைன்மென்ற்றைத் தமிழில் எழுதி, மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு அனுப்பலாமா? (மொன்றியல்)

பதில்: விளங்கிக்கொள்ளப் பயன்படுத்துங்கள், எழுதித்தரச் சொல்லாதீர்கள். எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதைக் கல்லூரியின் விதியில் பார்த்துவிடுங்கள், மீறினால் வினை. பிள்ளையின் பெயர், படம், குடும்ப விவரம் எதையும் எந்தச் செயலியிலும் போடக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

கட்டுரைக்கு ஒரு வழி சொல்கிறேன். பாடநூலில் ஒரு பந்தி வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். அதை உங்கள் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வதுபோலத் தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் விளங்கவில்லை, மீண்டும் வாசியுங்கள். சொல்ல முடிந்தால் அதையே குட்டி ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதாததால் களவு எழுத்து என்ற குற்றச்சாட்டு வராது. யார் சொன்ன கருத்து என்பதை மட்டும் குறிப்பிடத் தவறாதீர்கள். நம் பள்ளிக்கூடங்களில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் புள்ளி. இங்கே அதற்குப் பூச்சியம். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் நல்ல மாணவிகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் பிள்ளைகள் நிகழ்ச்சி பார்த்தால் தரை ஆங்கிலம் வருமா? (பிரம்ரன்)

பதில்: காதுக்குக் கொஞ்சம் உதவும். வாய்க்கு ஆள் வேண்டும். பற்றிசியா குல் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது அதன் ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆள், அதே பேச்சு, திரையில் வந்தபோது ஒன்றும் பதியவில்லை. நீங்கள் குழந்தை அல்ல, திரையிலிருந்தும் கற்பீர்கள். ஆனாலும் முகத்துக்கு முகம் பேசுவதற்கு ஈடு இல்லை.

சின்னப்பிள்ளை இருந்தால் ‘ஏர்லிஓன்’ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசம். அங்கே ரீச்சர்மார் பாடுவதையும், விளையாட்டை முடித்துப் பொருள்களை எடுத்து வைக்கச் சொல்வதையும் காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்லலாம். நூலகத்தில் ரொபர்ட் மன்ஷ் புத்தகங்களை எடுங்கள். அவர் குவெல்பில் வாழ்ந்தவர், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவர், பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்த கதைகளைத்தான் பிறகு எழுதினார். திரும்பத் திரும்ப வரும் வரிகளும் சத்தங்களும் நிறைந்தவை. அழுத்தம் எங்கே விழவேண்டும் என்று அந்த வரிகளே உங்கள் வாய்க்குப் பழக்கிவிடும். எரிக் கார்லின் பசிக்காரப் புழுக் கதையில் கிழமை நாள், எண், பழம், இறந்தகாலம் எல்லாம் ஒரே இடத்தில். சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் இந்தப் புத்தகங்களால் பயனில்லை.

கேள்வி: பிள்ளையின் உடம்பில் சந்தேகமான தழும்பு கண்டேன். என் ஆங்கிலம் போதாது என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு விட்டேன். போதுமா? (இடம் குறிப்பிடவில்லை)

பதில்: போதாது. இன்றே அழையுங்கள். ஒன்ராறியோவில் 2017 இன் பிள்ளைகள், இளையோர், குடும்பச் சேவைகள் சட்டப்படி, சந்தேகம் கொண்டவரே சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நேரடியாகச் சொல்லவேண்டும். இன்னொருவரிடம் சொல்லிவிட்டால் கடமை தீராது. நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல, நியாயமான சந்தேகம் போதும். நான் முன்பு சொன்ன அவதானிப்பு எழுத்து இங்கேதான் ஒரு பிள்ளையைக் காக்கும்: எந்த இடத்தில், என்ன நிறம், எவ்வளவு பெரிது, பிள்ளை என்ன சொன்னது. தாளில் எழுதி வைத்து வாசியுங்கள். இலக்கணப் பிழையை அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். தமிழில் சொல்லவேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: லிங்க் வகுப்பா, நேரே கல்லூரியா? படிப்பு முடிந்த பிறகும் ஏதோ ‘காலேஜில்’ சேரவேண்டும் என்கிறார்களே, அதற்கும் காசா? (ஸ்காபரோ)

பதில்: நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ உள்ளவர்களுக்கு லிங்க் என்ற புதுக்குடியேறிகளின் ஆங்கில வகுப்பு இலவசம். சில இடங்களில் நீங்கள் படிக்கும் நேரம் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் கிடைக்காது, பள்ளிச் சபைகள் நடத்தும் வயதுவந்தோர் ஆங்கில வகுப்புக்குப் போகலாம். முதலில் உங்கள் சி.எல்.பி. (கனடிய மொழி அளவுகோல்) அளவை மதிப்பிடச் செய்யுங்கள். 1 முதல் 12 வரை உள்ள அளவு அது. கல்லூரி எதிர்பார்க்கும் அளவை நீங்கள் தொடவில்லை என்றால் ஒரு பருவம் ஆங்கிலம் படித்துவிட்டுப் போவது நட்டமல்ல.

நீங்கள் சொல்லும் ‘காலேஜ்’ படிக்கும் இடம் அல்ல. ‘காலேஜ் ஒவ் ஏர்லி சைல்ட்ஹூட் எடியுகேட்டர்ஸ்’ என்பது 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஒழுங்குமுறை அமைப்பு. டிப்ளோமா முடித்து அதில் பதிந்தவர்தான் தன்னை ஈ.சி.ஈ. என்று சொல்லிக்கொள்ளலாம். ஆம், கட்டணம் உண்டு, ஆண்டுதோறும். ஏற்கெனவே டேகெயரில் உதவியாளராக வேலை செய்கிறவர்கள் படிப்புச் செலவுக்கு ‘குவாலிபிகேஷன்ஸ் அப்கிரேட் புரோகிராம்’ உதவித்தொகையைக் கேட்டுப் பாருங்கள். இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

கேள்வி: இவ்வளவும் வாசித்துவிட்டேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாமா? (ஸ்காபரோ)

பதில்: வேண்டாம் தங்கச்சி. பத்தொன்பது வயது நிரம்பியவர் உயர்பள்ளிச் சான்றிதழ் இல்லாமலும் முதிர்ந்த மாணவராக விண்ணப்பிக்கலாம், கல்லூரி ஒரு தேர்வு வைக்கும். செப்டெம்பர் வகுப்புக்குப் பெப்ரவரி 1 ஆம் திகதிக்குள் போடும் விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் கல்லூரிகள் சமமாகப் பரிசீலிக்கும். அதற்குப் பிறகு வருகிறவற்றுக்கு மிஞ்சிய இடங்கள்தான். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.